அம்மையை வென்ற அண்ணல் எட்வர்டு ஜென்னர்

உலகில் எத்தனையோ மன்னர்கள் தோன்றினர், நாடுகளை வென்றனர், மறைந்தனர். அவர்கள் வென்ற நாடுகள் பிறர் கைக்கு மாறின. ஆனால் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் வாழ்ந்த எளிய மருத்துவர் ஒருவர் தொடங்கி வைத்த போரில் மனித குலம் பெற்ற வெற்றி இன்றும் நிலைத்து நிற்கிறது. அவரே எட்வர்டு ஜென்னர். அவர் எதிர்த்த பகைவன் பெரியம்மை.

நம் பாட்டிமாரின் கைகளில் வட்டமான பழைய தழும்பு ஒன்றைப் பலர் பார்த்திருப்போம். அது அம்மைகுத்திய தழும்பு. நம் அன்னையர் பலரிடம் அது இல்லை. நம்மிடம் இல்லவே இல்லை. நமக்கு அது தேவைப்படாமற் போனதற்கு ஜென்னரே முதற் காரணம். எனினும் அவர் வாழ்க்கையின் பிற்பகுதியில் ஒரு கேள்வி அவரை விடாமல் தொடர்ந்தது. ஒரு முறை பெற்ற பாதுகாப்பு எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதே அக்கேள்வி. அதற்கு அவர் தந்த விடை முழுதும் சரியன்று. சரியான விடையைத் தேடும் பணியில் நம் சென்னை நகருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே, ஜென்னரின் வரலாற்றை இக்கேள்வியோடு சேர்த்துக் காண்போம்.

கொடிய நோய்

பெரியம்மையை வைசூரி என்றும் நம் முன்னோர் அழைத்தனர். கடுங்காய்ச்சலோடு தொடங்கி, உடலெங்கும் கொப்புளங்களை எழுப்பும் நோய் அது. நோயுற்றவருள் பத்துக்கு மூவர் அளவில் மாண்டனர். பிழைத்தவருள் பலர் முகத்தில் குழித் தழும்புகளோடு வாழ்ந்தனர். சிலர் கண்ணொளியை இழந்தனர். குடிசையில் இருந்தவரையும் கோட்டையில் இருந்தவரையும் அது ஒன்றுபோலவே தாக்கியது.

ஆயினும் ஓர் உண்மையை மக்கள் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். ஒரு முறை அம்மை கண்டு பிழைத்தவருக்கு அது பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. இவ்வுண்மையை வைத்தே இந்தியாவிலும் சீனாவிலும் துருக்கியிலும் ஒரு வழக்கம் தோன்றியது. இலேசாக அம்மை கண்ட ஒருவரின் கொப்புளத்திலிருந்து சிறிது நீரை எடுத்து, நலமாக உள்ளவரின் தோலைக் கீறி அதில் வைப்பார்கள். அவருக்கும் அம்மை வரும். ஆனால் பெரும்பாலும் மென்மையாக வந்து போகும். துருக்கியில் இதைக் கண்ட மேரி வோர்ட்லி மாண்டகு என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, 1721-ஆம் ஆண்டு இலண்டனில் தம் மகளுக்கு இம்முறையைச் செய்வித்து இங்கிலாந்தில் பரப்பினார். இதில் ஆபத்தும் இருந்தது. கீறிக்கொண்டவருள் ஐம்பதில் ஒருவர் வரை இறந்ததுண்டு. அவரிடமிருந்து பிறருக்கு உண்மையான பெரியம்மை தொற்றுவதும் உண்டு.

இளமைப் பருவம்

எட்வர்டு ஜென்னர் 1749-ஆம் ஆண்டு மே திங்கள் 17-ஆம் நாள், இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பெர்க்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸ்டீபன் ஜென்னர் அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. பிள்ளைகள் ஒன்பதின்மரில் எட்வர்டு எட்டாவது பிள்ளை. ஐந்து வயது நிரம்பிய 1754-ஆம் ஆண்டிலேயே அவர் தாயையும் தந்தையையும் இழந்தார். மூத்த உடன்பிறந்தோரின் ஆதரவிலே வளர்ந்தார்.

எட்டு வயதில் அவருக்குப் பெரியம்மை நீரைக் கீறி வைக்கும் சிகிச்சை நடந்தது. அக்கால வழக்கப்படி முதலிற் பல நாள் பட்டினி போட்டனர், குருதியை வடித்தனர், பேதி மருந்து கொடுத்தனர். பின்னர் வேறு பல சிறுவர்களோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தனர். நோயின் வேகம் தணியும் வரை அங்கேயே கிடந்தார். உயிர் பிழைத்தார் என்றாலும், அவ்வனுபவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. குழந்தைகளை இவ்வாறு வதைக்காமல் காக்கும் வழி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தின் வித்து அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

ஆசானும் மாணவரும்

பதின்மூன்று வயதளவில் ஜென்னர், சோட்பரியில் தொழில் நடத்திய டேனியல் லட்லோ என்னும் அறுவை மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1770-இல் இலண்டன் சென்று, புனித ஜார்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் ஹண்டரிடம் மாணவரானார். ஹண்டர் அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர். எதையும் ஊகித்துக்கொண்டே இராமல், செய்து பார்த்து அறிய வேண்டும் என்பதே அவர் தம் மாணவர்களுக்குப் புகட்டிய பாடம். ஜென்னர் அப்பாடத்தை இறுதிவரை கைவிடவில்லை.

கடற்பயணி கேப்டன் குக் தம் முதற் பயணத்திலிருந்து திரும்பியபோது, ஜோசப் பேங்ஸ் கொணர்ந்த உயிரின மாதிரிகளை வகைப்படுத்தும் வேலை ஜென்னருக்குக் கிடைத்தது. அடுத்த பயணத்திற்கும் அழைப்பு வந்தது. உலகம் சுற்றும் வாய்ப்பு! எனினும் ஜென்னர் அதை மறுத்தார். இலண்டனின் வருவாயையும் மறுத்தார். தம் சிற்றூருக்கே திரும்பி, வயல்வெளிகளில் குதிரையேறிச் சென்று ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். ஓய்வு நேரத்தில் குயிலை ஆராய்ந்தார். பிற பறவையின் கூட்டிற் பொரித்த குயிற்குஞ்சு, அக்கூட்டின் சொந்தக் குஞ்சுகளைத் தன் முதுகால் உந்தி வெளியே தள்ளுவதைக் கண்டு எழுதினார். இதற்காக 1789-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1788-இல் கேதரின் கிங்ஸ்கோட் என்னும் மங்கையை மணந்தார்.

பால் கறக்கும் பெண்கள்

குளோஸ்டர்ஷயர் பசுக்கள் நிறைந்த நாடு. பசுவின் மடியில் சில வேளை கொப்புளங்கள் தோன்றும். அதற்கு மாட்டம்மை என்று பெயர். பால் கறக்கும் பெண்களின் கைகளில் அது தொற்றும்; சில நாள் வலிக்கும்; பின் ஆறிவிடும். மாட்டம்மை கண்டவரைப் பெரியம்மை தொடாது என்று அந்நாட்டு உழவர் பலரும் நம்பினர். படித்த மருத்துவர்கள் இதைப் பாமரர் பேச்சென்று தள்ளினர். ஜென்னர் தள்ளவில்லை, பல ஆண்டுகள் பொறுமையோடு கேட்டார், பார்த்தார், குறித்துக்கொண்டார்.

அவருடைய குறிப்புகளில் ஒரு சிறப்பு உண்டு. மாட்டம்மை வந்ததா, வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற இரண்டையும் அவர் கேட்டார். ஜோசப் மெரட் என்னும் தோட்டக்காரருக்கு 1770-இல் மாட்டம்மை வந்தது. 25 ஆண்டுகள் கழித்து 1795-இல் அவர் தோலிற் பெரியம்மை நீரை வைத்தபோது நோய் எழவில்லை. மேரி பார்ஜ் என்னும் பெண்ணுக்கு மாட்டம்மை வந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரையும் நோய் தொடவில்லை. ஜான் பிலிப்ஸ் என்னும் வணிகருக்கு ஒன்பது வயதில் மாட்டம்மை. 62-ஆம் வயதில் சோதனை. 53 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் தப்பினார்.

மேரி பார்ஜின் கையில் ஜென்னர் மற்றொன்றையும் கவனித்தார். நீரை வைத்த இடம் மிக விரைவில் சிவந்தது. பிறகு மங்கி மறைந்தது. முன்பு மாட்டம்மையோ பெரியம்மையோ கண்டவரிடம் இவ்வாறு நிகழ்வதை அவர் குறித்து வைத்தார். பழைய பகைவனை உடல் அடையாளம் கண்டு உடனே எதிர்க்கும் அறிகுறி அது என்று இன்று நாம் அறிவோம். வைரஸ் என்றால் என்ன, எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று ஒருவரும் அறியாத காலத்தில், உடலுக்கு நினைவு உண்டு என்பதை ஒரு நாட்டுப்புற மருத்துவர் தம் கண்ணாலேயே கண்டுவிட்டார்.

1796 மே 14

அந்நாள் மருத்துவ வரலாற்றில் மறவாத நாள். சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கையில் மாட்டம்மைக் கொப்புளங்கள் இருந்தன. அவளுக்கு அதைத் தந்த பசுவின் பெயர் பிளாசம். அக்கொப்புளத்திலிருந்து சிறிது நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் இரு சிறு கீறல்களில் ஜென்னர் வைத்தார். அச்சிறுவன் ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகன். ஏழாம் நாள் அக்குளில் சிறிது வலி, ஒன்பதாம் நாள் சிறு குளிர், தலைவலி, மறுநாள் நலமானான். ஜூலைத் திங்கள் முதல் நாள் ஜென்னர் அவனுக்கு உண்மையான பெரியம்மை நீரையே வைத்தார். நோய் எழவில்லை.

இக்காலத்தில் ஒரு குழந்தையை இவ்வாறு சோதிக்க எந்தச் சட்டமும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அன்று பெரியம்மை நீரைக் கீறி வைப்பது ஊரெங்கும் நடந்த சிகிச்சை என்பதை நாம் மறத்தலாகாது. ஜேம்ஸ் பிப்ஸ் பிற்காலத்தில் மேலும் பல முறை சோதிக்கப்பட்டும் நோய்க்கு ஆளாகவில்லை.

ஜென்னர் தம் முடிவை இராயல் கழகத்திற்கு எழுதியபோது அதை வெளியிட அக்கழகம் மறுத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. மேலும் சில குழந்தைகளிடம் செய்து பார்த்து, 23 பேரின் விவரங்களைத் தொகுத்து, 1798-இல் தம் சொந்தச் செலவிலே நூலாக வெளியிட்டார். பசுவைக் குறிக்கும் வாக்கா என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வாக்சின் என்னும் பெயர் பிறந்தது. இன்று எந்தத் தடுப்பு மருந்துக்கும் அதுவே பெயர்.

சென்னைக்கு வந்த அம்மைப்பால்

சில ஆண்டுகளிலேயே இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் நம் நாட்டிற்கு அதைக் கொண்டுவருவது எளிதாக இல்லை. கப்பற் பயணம் பல திங்கள், வெப்பமோ கடுமை. வழியிலேயே அம்மைப்பால் கெட்டுப்போயிற்று. முடிவில் வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாக, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கென ஆள்மாற்றி அதைப் பம்பாய்க்குக் கொணர்ந்தனர். 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், அன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுச் சிறுமி இந்தியாவில் முதன்முதலாக அம்மைகுத்திக்கொண்டாள். அச்சிறுமியின் கையிலிருந்து எடுத்த பாலே வழிவழியாக நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றது. சென்னைக்கும் அவ்வாண்டே வந்து சேர்ந்தது.

புதிய முறையை மக்கள் உடனே ஏற்கவில்லை. சென்னையிற் பணியாற்றிய தமிழறிஞர் எல்லிஸ் துரை, மக்கள் அச்சம் நீங்கும் பொருட்டு, பசுவின் மடியில் தோன்றும் இம்மருந்தைத் தெய்வத்தின் கொடையாகக் காட்டித் தமிழிலே ஒரு கதை எழுதினார். தமிழர் நெஞ்சில் பசுவுக்கு இருந்த இடத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இங்கிலாந்து நாடாளுமன்றம் ஜென்னருக்கு 1802-இல் 10,000 பவுனும், 1807-இல் 20,000 பவுனும் வழங்கியது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களிலிருந்து நன்கொடையாகத் திரண்ட தொகை 7,383 பவுன். ஜென்னரோ தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு குடிலை அமைத்து, ஏழைகளுக்கு இலவசமாக அம்மைகுத்தினார். இங்கிலாந்தின் பகைவனான நெப்போலியனும் அவர் வேண்டுகோளுக்கு இணங்கிப் போர்க் கைதிகள் சிலரை விடுவித்தான் என்பது வரலாறு.

விடாது தொடர்ந்த கேள்வி

புகழின் உச்சியில் இருந்தபோதே சோதனையும் வந்தது. ஒரு முறை அம்மைகுத்திக்கொண்டால் வாழ்நாள் முழுதும் பெரியம்மை வராது என்று ஜென்னர் உறுதியாக நம்பினார். 53 ஆண்டுகள் தப்பி நின்ற ஜான் பிலிப்ஸை நேரிற் கண்டவர் அவ்வாறு நம்பியதில் வியப்பில்லை. ஆனால் 1811-ஆம் ஆண்டு, பிரபு ஒருவரின் மகனான இராபர்ட் குரோவ்னர் என்னும் சிறுவனுக்குக் கடுமையான பெரியம்மை கண்டது. பத்தாண்டுகளுக்கு முன் அச்சிறுவனுக்கு அம்மைகுத்தியவர் ஜென்னரே. செய்தி இலண்டன் முழுவதும் பரவியது. எதிரிகள் எள்ளி நகையாடினர். பெற்றோர் பலர் நடுங்கினர்.

சிறுவன் பிழைத்துக்கொண்டான். கடுமையாகத் தொடங்கிய நோய் இடையிலே வேகம் தணிந்து, வழக்கத்தினும் விரைவில் ஆறியது. முன்பு குத்திய அம்மைப்பாலே அவன் உயிரைக் காத்தது என்று ஜென்னர் வாதாடினார். பெரியம்மையே இருமுறை வந்தவரும் உண்டு என்றும் எடுத்துக்காட்டினார். அவ்வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் அம்மைகுத்த வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. பால் கெட்டிருக்கும், அல்லது குத்தியவர் சரியாகக் குத்தவில்லை என்றே பல தோல்விகளுக்குக் காரணம் கூறினார். சில இடங்களில் அதுவும் உண்மையே; எல்லா இடங்களிலும் அன்று.

பிள்ளைகளிலும் துயரே கண்டார். மூத்த மகன் எட்வர்டு 1810-இல் காசநோயால் இறந்தான். 1815-இல் அருமை மனைவி கேதரினும் அந்நோய்க்கே இரையானார். நம் தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகச் சானடோரியத்தை நிறுவினாரே, அதே நோய்தான். பெரியம்மையை எதிர்த்து வழி கண்டவருக்குத் தம் வீட்டிற் புகுந்த நோய்க்கு வழி தெரியவில்லை. அதன் பின் ஜென்னர் பெர்க்லியை விட்டு அதிகம் வெளியே செல்லவில்லை. 1823-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்களுள் ஜேம்ஸ் பிப்ஸும் ஒருவர். தாம் வாழ்வதற்கென ஜென்னர் அளித்த வீட்டிலிருந்து அவர் வந்திருந்தார்.

ஜென்னர் ஏற்காத முடிவை அவருக்குப் பின் வந்தோர் ஏற்றனர். ஜெர்மானிய அரசுகள் தம் படைவீரர்களுக்கு மீண்டும் அம்மைகுத்தத் தொடங்கின. 1829-இல் வுர்ட்டம்பர்க்கும், 1834-இல் பிரஷ்யாவும் அவ்வாறு செய்தன. அப்படைகளிற் பெரியம்மை மிகவும் குறைந்தது. ஜென்னரின் கண்டுபிடிப்புப் பொய்யாகவில்லை. அது முழுமை பெற்றது.

இரத்தமும் உமிழ்நீரும் கூறும் விடை

ஒரு நோய் வந்து போனபின் உடல் அதை எத்தனை காலம் நினைவில் வைத்திருக்கும்? 1846-இல் பேனம் என்னும் டேனிஷ் நாட்டு இளம் மருத்துவர், வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளுக்குச் சென்றார். அங்கே தட்டம்மை பரவி, ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்த படுக்கையாயினர். அதற்கு முன் தட்டம்மை அத்தீவுகளுக்கு வந்தது 1781-இல். அவ்வாண்டில் நோய் கண்டு, 65 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்த முதியோர் எவரையும் இம்முறை நோய் தொடவில்லை என்று பேனம் கண்டார்.

இதன் காரணம் 1890-க்குப் பின்னரே விளங்கலாயிற்று. அவ்வாண்டு பேரிங் என்னும் ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும், நோயை எதிர்க்கும் பொருள் ஒன்று இரத்த நீரில் உண்டாவதைக் காட்டினர். அதையே நாம் எதிர்ப்பொருள் என்கிறோம். ஒவ்வொரு நோய்க்கிருமிக்கும் ஏற்ற எதிர்ப்பொருளை உடல் தனித்தனியே செய்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல அது கிருமியைப் பற்றிக்கொள்கிறது. நோய் தணிந்ததும் எதிர்ப்பொருளின் அளவு முதலில் வேகமாகக் குறைகிறது. பின்பு மெல்ல மெல்லக் குறைகிறது. சில நோய்களில் ஏறக்குறைய குறையாமலே நிற்கிறது. அதைச் செய்யும் அணுக்களுட் சில எலும்பு மஜ்ஜையிற் குடிபுகுந்து பல்லாண்டுகள் வாழ்வதே இதற்குக் காரணம். வேறு சில நினைவு அணுக்களாக உறங்கியிருந்து, அதே கிருமி மீண்டும் வந்தால் விழித்தெழுகின்றன.

எல்லா நோய்களுக்கும் ஒரே கணக்கு இல்லை. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 45 பேரின் இரத்தத்தை 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து வெளியிட்ட முடிவு இதனை நன்கு காட்டுகிறது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுதும் ஏறக்குறைய அப்படியே நின்றது. இசிவு நோயின் எதிர்ப்பொருளோ ஏறத்தாழ 11 ஆண்டுகளிலும், தொண்டை அடைப்பானின் எதிர்ப்பொருள் ஏறத்தாழ 19 ஆண்டுகளிலும் பாதியாகக் குறைந்தது. பள்ளிக்கு வந்து நமக்குப் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் மீண்டும் ஊசி போடுவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

உமிழ்நீரிலும் எதிர்ப்பொருள் உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அது இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளே ஈறுகளின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கசிந்து வருவது. மற்றொன்று, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அங்கேயே உண்டாகி, வாயின் வாசலிலே காவல் நிற்கும் தனி வகை. வாசற்காவலன் விரைந்து வருவான்; ஆனால் விரைந்தும் போய்விடுவான். கோவிட் நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ ஆய்வாளர்கள் இதனை அளந்தனர். இரத்தத்திலிருந்து வரும் வகை, நோய் தொடங்கி மூன்று திங்களுக்கு மேலும் இரத்தம், உமிழ்நீர் இரண்டிலும் பெரிதும் குறையாமல் நின்றது. வாசற்காவல் வகை அதற்குள் வேகமாகக் குறைந்துவிட்டது. ஊசியின்றி, வலியின்றி, சிறிது உமிழ்நீரைக் கொண்டே ஒருவருக்கு நோய் வந்து போனதா என்று அறியலாம் என்பதும் இதனாற் கிடைத்த நன்மை. சளிக்காய்ச்சல் நம்மை ஆண்டுதோறும் பிடிப்பதற்கும் தட்டம்மை ஒரே முறையோடு விட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டில், வாசற்காவல் விரைவில் தளர்வதும் ஒரு காரணம்; சளிக் கிருமிகள் பல வேடம் போடுவது மற்றொரு காரணம்.

கிண்டியும் தண்டையார்பேட்டையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலிற் குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் கடந்தால் கிண்டி வரும். அங்கேதான் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் உள்ளது. 1899-இல் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே அது தொடங்கப்பெற்றது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக விளங்கிய கர்னல் கிங் என்பாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கையிலிருந்து கைக்குப் பால் மாற்றும் பழைய முறைக்குப் பதிலாக, கன்றுகளின் தோலிலே அம்மைப்பாலை வளர்த்து ஊர்தோறும் அனுப்பினர். பின்னாளில், நம் வெயிலிலும் கெடாதபடி உறைய வைத்து உலர்த்திய அம்மைப்பாலைத் தயாரித்த இந்திய நிலையங்களுள் கிண்டியும் ஒன்று. கோவிட் காலத்திலும் சோதனைகள் பல அங்கே நடைபெற்றன.

ஜென்னரை வாட்டிய கேள்விக்கு, சென்னையின் வடகோடியிலே தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஒரு தெளிவான விடை கிடைத்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஏ. ஆர். ராவ், தாம் ஆராய்ந்த 6,942 பெரியம்மை நோயாளிகளின் விவரங்களை 1972-இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் அம்மைகுத்திக்கொள்ளாதவர் 3,544 பேர். நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்தனர். என்றோ ஒரு நாள் அம்மைகுத்திக்கொண்டவர் 3,398 பேர். நூற்றுக்கு 6 பேர் அளவிலேயே இறந்தனர். இவ்வெண்களை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். அம்மைகுத்தியும் நோய் வந்த அந்த 3,398 பேரே, ஒரு முறை குத்தினால் என்றென்றும் நோய் வராது என்ற நம்பிக்கை தவறு என்பதற்குச் சான்று. அவர்களுட் பெரும்பாலோர் உயிர் பிழைத்ததே, பழைய பாதுகாப்பு முற்றும் அழிந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று. இராபர்ட் குரோவ்னர் என்னும் அந்தச் சிறுவனுக்கு 1811-இல் நிகழ்ந்ததும் இதுவே.

டாக்டர் ராவோடு அமெரிக்காவின் கெம்ப்பே, இங்கிலாந்தின் டவுனி ஆகிய அறிஞர்களும் சேர்ந்து, சென்னை நோயாளிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றும் முறையை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டனர். இரத்தத்தின் நினைவைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் நம் நகரத்து ஏழை நோயாளிகளின் பங்கும் இவ்வாறு கலந்திருக்கிறது. பின்னர், 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அம்மைகுத்தி 75 ஆண்டுகள் வரை ஆனவரிடமும் எதிர்ப்பொருள் நிலைத்திருப்பதைக் காட்டியது. நம் பாட்டிமாரின் தழும்போடு அவர்கள் இரத்தத்தின் நினைவும் இன்னும் அழியாமல் இருக்கக்கூடும்.

நிலைத்த வெற்றி

பெரியம்மை இவ்வுலகினின்றும் அறவே ஒழியும் என்று ஜென்னர் 1801-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அக்கனவு நனவாக ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின. இந்தியாவிற் கடைசி நோயாளி 1975 மே திங்களில் காணப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் வங்காள தேசத்தின் ரஹீமா பானு என்னும் மூன்று வயதுச் சிறுமிக்குக் கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகக் கண்டது. அவ்வகையில் உலகில் அதுவே கடைசி. அச்சிறுமியும் பிழைத்துக்கொண்டாள். 1977-இல் சோமாலியாவில் மென்மையான வகையும் முடிவுற்றது. 1980-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள், பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. இந்தியாவில் முதன்முதல் அம்மைகுத்திக்கொண்ட அன்னாவும் மூன்று வயதுச் சிறுமியே. கொடிய வகையின் கடைசி நோயாளியான ரஹீமாவும் மூன்று வயதுச் சிறுமியே.

ஜென்னரின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்பன பல. பால் கறக்கும் பெண்களின் பேச்சையும் அவர் மதித்துக் கேட்டார். கேட்டதைச் சோதித்துப் பார்த்தார். கண்டதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் வழங்கினார். அவர் பிழைபட்ட இடமும் நமக்குப் பாடமே. பெரியோர் கண்ட உண்மையையும் காலந்தோறும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பது அப்பெரியோருக்கு இழுக்கன்று. குத்திய ஊசி எத்தனை ஆண்டு காக்கும் என்பது நோய்க்கு நோய் வேறுபடும் என்று இன்று அறிந்துள்ளோம். ஆகவே, தோழியரே, அடுத்த முறை பள்ளிக்குச் சுகாதாரச் செவிலியர் ஊசியோடு வரும்போது, முன்பே போட்டாயிற்றே என்று வரிசையிலிருந்து நழுவாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே செல்வோம். ஜேம்ஸ் பிப்ஸ் கை நீட்டியபோது அவன் நம்மைவிடச் சிறியவன்.